நிரைக்கு ஒரு கை

வாய்க்காலின் வாயில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றபடி, இனி நம்மால் ஆகாது என்று கிருஷ்ணம்மா முடிவு கட்டினாள். அழுகையெல்லாம் வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! ஆறு கொண்டுவந்து அடைத்த வண்டலையும் சுள்ளியையும் கூடை கூடையாக வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டியதில் பாதி திரும்பவும் வழிந்து தண்ணீருக்குள்ளேயே இறங்கியது. முழங்காலுக்குப் பின்னால் ஏறிய அட்டை ஒன்று வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானாகவே கழன்று விழுந்தது. அதைப் பிடுங்கி எறியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வாய் என்றால் வாய்க்கால் ஆற்றில் போய்ச் சேருகிற இடம். அது அடைத்துக்கொண்டால் முதலில் முழுகுவது கிருஷ்ணம்மாவின் மரவள்ளிக் கொல்லைதான். ஆகவே குடியேறிய நாளிலிருந்து அவள்தான் அதைத் திறந்து வைத்தாள். செய் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் வருகிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

குடியேறிய கதை பெரிய கதையில்லை. முப்பதாம் வருஷத்தை ஒட்டி ரப்பர் விலை தலைகுப்புற விழுந்தது. சாஆ என்கிற மலாய் ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தை மூடினார்கள். துரை போனார், கணக்கெழுதும் கிராணி போனார், கங்காணியும் தன் ஆட்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். ஊரில் யாரும் இல்லாதவர்கள், இருந்தும் திரும்பிப் போக முகம் இல்லாதவர்கள், கப்பல் என்றாலே குடலைப் புரட்டுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் மிஞ்சியது. கிருஷ்ணம்மா முதல் வகை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான், பிள்ளை தங்கவில்லை. அந்தப் பக்கத்து மலாய் ஊர்த் தலைவரான பெங்குலு இரக்கமுள்ள மனிதர். ஆற்றோரத்துச் சதுப்பைக் காட்டி, சாப்பாட்டுப் பயிர் ஏதாவது போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். சதுப்பில் தண்ணீரை வடிக்காமல் எதுவும் முளைக்காது. ஆகவே முதல் வேலையாக வாய்க்கால் வெட்டினார்கள்.

அன்றைக்குப் பேசியவர் காளியப்பன். தோட்டத்தில் கங்காணிக்கு நடுங்காத ஒரே ஆள் என்று பேர் எடுத்தவர். வெட்டிப்போட்ட மண்மேட்டில் ஏறி நின்றுகொண்டு அவர் சொன்னது கிருஷ்ணம்மாவுக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"இனிமே நமக்குக் கங்காணியும் கிடையாது, அவனுக்குக் கீழ தண்டலும் கிடையாது. அவங்கவங்க நிரைய அவங்கவங்க பாத்துக்குவோம். யாரும் யாருக்கும் கும்பிடு போட வேணாம். எதுன்னாலும் கூடி உக்காந்து பேசுவோம், கை தூக்கி முடிவு பண்ணுவோம். ஆம்பள பொம்பள கணக்கில்ல. நிரைக்கு ஒரு கை!"

கிருஷ்ணம்மா அன்றைக்கு அழுதாள். தோட்டத்தில் அவள் கை தூக்கியதெல்லாம் அடி மேலே விழாமல் தடுக்கத்தான். இப்போது அவள் கையை எண்ணுவார்கள். ஒரு விதவையின் கையை ஒரு கூட்டம் எண்ணுகிறது என்பது அவளுக்குப் புருஷன் செத்தபின் கிடைத்த முதல் மரியாதை. நிலம் அவளுக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் அவள் அந்த நிலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது சோற்றுக்காக மட்டும் இல்லை. நிரை, அதாவது அவள் பங்குக்கு விட்ட துண்டு, இருக்கும்வரைதான் கை. நிரை போனால் கூட்டத்தில் உட்கார இடமும் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் பிரிக்கிற இடத்தில் நம் ஆட்கள் கோட்டை விட்டார்கள். தோட்டத்தில் பழகிய கை! ரப்பர் மரத்தை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுப்பதுபோலவே வாய்க்காலையும் கயிறு பிடித்து, முளையடித்து, வீட்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்தார்கள். அவரவர் துண்டில் களையும் சேறும் சரிந்த கரையும் அவரவர் பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் நட்ட இடத்தில் நிற்கும், பக்கத்து நிரைக்காரன் வெட்டாவிட்டால் நம் மரத்தில் பால் குறைந்துவிடாது. தண்ணீர் அப்படியா? ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்த ஜாவாக்காரர்கள் வாய்க்கால் வெட்டியபோது ஊரே சேர்ந்து ஆற்று வாயில் தொடங்கி மேலே போனார்கள். நம்மவர்கள் மேட்டில் தொடங்கித் துண்டு போட்டுக்கொண்டே இறங்கினார்கள். கடைசித் துண்டைக் கிருஷ்ணம்மாவுக்குக் கொடுத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குக் கீழே ஆறு வரைக்கும் கிடந்த இடம் யார் நிரையிலும் வரவில்லை. தோட்டத்தில் அந்த மாதிரி இடங்களைத் துரை பார்த்துக்கொள்வார். இங்கே துரை இல்லை என்று எல்லோரும் கொண்டாடினார்களே தவிர, துரை பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிருஷ்ணம்மா கரையேறினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மேலே அடுத்த நிரைக்காரியான புஷ்பவள்ளியிடம் போனாள். புஷ்பவள்ளி சின்ன வயதுக்காரி, கைக்குழந்தை வைத்திருப்பவள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"புஷ்பா, நாளைக்குக் காலையில கொஞ்சம் வர்றியா? வாய் அடைச்சுக் கெடக்கு. என்னால ஆகல புள்ள."

"நாளைக்காக்கா? நாளைக்கு என் கரையில மண்ணு அள்ளணுமே. அத விட்டா எனக்கு யாரு அள்ளுவா?" என்றாள் புஷ்பவள்ளி. பிறகு கிருஷ்ணம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, "பாப்போம்லா" என்றாள்.

பார்ப்போம் என்றால் வரமாட்டேன் என்று பொருள். கிருஷ்ணம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு அவளுக்கு வாயும் இல்லை. போன மழையில் புஷ்பவள்ளியின் கரை மொத்தமாகச் சரிந்தபோது, அவள் கூட்டத்தில் வந்து உதவி கேட்டாள். அவரவர் நிரை அவரவர் பாடு என்று அன்றைக்குக் கை தூக்கியவர்களில் கிருஷ்ணம்மாவும் ஒருத்தி. பிள்ளைத்தாய்ச்சி தனியாக மண் சுமந்தாள். அவள் மறந்திருப்பாள் என்று நினைக்க முடியுமா?

அந்த வாரக் கூட்டத்தில் கிருஷ்ணம்மா எழுந்து நின்றாள். கூட்டம் நடப்பது வாய்க்கால் கரையின் நடுப்பகுதியில் நீப்பா ஓலை வேய்ந்து கட்டிய ஒரு கொட்டகையில். முதல் வருஷத்தில் அந்தக் கொட்டகை கொள்ளாது. ஆட்டை எங்கே கட்டுவது, கோயிலுக்கு எந்த மரத்தடி, சண்டைக்காரப் புருஷனை என்ன செய்வது என்று தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். இப்போது பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்களும் எப்போது முடியும் என்று முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாள் முழுக்கத் தன் துண்டில் தனியாக மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு ஊர்ப் பேச்சில் என்ன ருசி இருக்கும்?

"வாய் யாரு நிரையும் இல்ல. எல்லாரு தண்ணியும் அது வழியாத்தான் போவுது" என்றாள் கிருஷ்ணம்மா. "மாசத்துக்கு ஒரு நாளு எல்லாரும் வந்தா போதும். நான் ஒண்டியா எத்தினி நாளைக்கு அள்ளுவேன்?"

காளியப்பன்தான் பதில் சொன்னார். அவர் எப்போதும் மெதுவாகப் பேசுவார், அதுவே ஒரு கஷ்டம்.

"கிருஷ்ணம்மா, உன்ன நான் தப்பு சொல்லல. நீ சொல்றது சரிதான். ஆனா எல்லாரும் வரணும்னு இன்னிக்கு முடிவு பண்றோம்னு வையி. வராதவன யாரு கேக்கறது? கேக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளு கையில ஒரு பெரம்பு வேணும். அப்பறம் அவனுக்கு என்ன பேரு?"

"கங்காணி!" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணம்மாவும் சிரித்து வைத்தாள்.

காளியப்பன் தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று இருக்கிற ஆள் இல்லை. வீட்டுக் கூரை சரிந்தபோது ஒருவரையும் கூப்பிடாமல் தனியாகவே தூக்கி நிறுத்தி, வலது தோளை இறக்கிக்கொண்டவர். அன்று முதல் கூட்டத்தில் இடது கையைத்தான் தூக்குகிறார். கை தூக்கச் சொன்னபோது கிருஷ்ணம்மாவுக்கு எதிராகத் தூக்கிய கைகளில் முதல் கை அந்த இடது கை. அவளுக்காக எழுந்தவை விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. புஷ்பவள்ளி எந்தப் பக்கமும் தூக்காமல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வருஷக் கடைசி மழை அந்தப் பக்கத்தில் எப்படிக் கொட்டும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிருஷ்ணம்மா முதல் இரண்டு நாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு வாய்க்குப் போனாள். மூன்றாவது நாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு மரத்துப்போய் யாருடையதோபோல் கிடந்தது. கதவு வழியே பார்த்தால் கொல்லையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. மரவள்ளிக்கிழங்கு ஒரு வாரம் தண்ணீர் தாங்காது. அழுகினால் அடுத்த அறுப்புவரை ஒன்றும் இல்லை. சாப்பிட வழி இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? ரப்பர் விலை கொஞ்சம் ஏறியதும் சில தோட்டங்களில் திரும்பவும் ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சிருந்தது. நிரையை யாருக்காவது விட்டுவிட்டு அங்கே போய்க் கூலி லயத்தில் ஒரு மூலை கேட்க வேண்டியதுதான்.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் செல்லப்பன் வந்தார். தோட்டத்தில் கங்காணிக்குக் கீழே தண்டலாக இருந்து அவர்களை வேலை வாங்கியவர். இங்கே எல்லோரையும்போல அவருக்கும் ஒரு நிரைதான், மேட்டுப் பக்கம். கிருஷ்ணம்மா பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுத்துக்குங்க, படுத்துக்குங்க. கொல்லையப் பாத்துட்டுத்தான் வர்றேன். அட, அலமாக்! இப்படியா விடறது!"

"நான் எங்க விட்டேன்? நீங்கள்லாம் சேந்துதான விட்டீங்க?"

"நான் உங்களுக்குத்தான் கை தூக்கினேன்" என்றார் செல்லப்பன். அது உண்மைதான். "பாருங்க, இவங்க நல்லவங்கதான். ஆனா கேட்டா வரமாட்டாங்க. ஒரு ஆளு சொல்லணும். அடுத்த கூட்டத்துல அதத்தான் கேக்கப் போறேன். எது யாரு வேலைன்னு சொல்ல ஒரு ஆளு. வெளையறதுல அந்த ஆளுக்கு ஒரு பங்கு. வாரா வாரம் உக்காந்து பேசற இந்தக் கூட்டமும் வேணாம். மொத வேலை உங்க வாய்தான்."

"அந்த ஆளு நீங்க."

"வேற யாரு வருவாங்க? நீங்களே சொல்லுங்க."

கிருஷ்ணம்மா யோசித்துப் பார்த்தாள். வேறு யாரும் வரமாட்டார்கள்.

"தண்டலா இருந்தப்ப உங்க மேல நான் கை வச்சிருக்கேனா?"

"பெரம்பு வச்சிருந்தீங்களே."

"அது வேலைக்கு" என்றார் செல்லப்பன், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

அவர் போனபின், கம்பை ஊன்றிக்கொண்டு அவள் காளியப்பன் வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததே பெரிய காரியம். காளியப்பன் சேற்றில் நின்று தன் நிரையைத் தூர் வாரிக்கொண்டிருந்தார். ஒரு கைதான் வேலை செய்தது, மற்றது சும்மா கூட வந்தது.

"அண்ணே, செல்லப்பன் என்ன கேக்கப் போறாருன்னு தெரியுமா?"

"தெரியும். தோத்துப் போவான்."

"ஒரே ஒரு தடவ நீங்க வாய்க்கு வாங்கண்ணே. நீங்க வந்தா கூட நாலு பேரு வருவாங்க. என் கொல்ல பொழச்சிக்கும். நான் பெறகு எதுவும் கேக்க மாட்டேன்."

காளியப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் வந்தா அது பழக்கமாயிடும் கிருஷ்ணம்மா. இன்னிக்கு நான் உனக்கு வந்தா, நாளைக்கு எனக்கு நீ வரணும். அப்பறம் யாரு யாருக்கு எவ்வளவு செஞ்சாங்கன்னு மனசு கணக்கு பாக்கும். கையேந்தறவன் கை நிமிந்து நிக்காது. தோட்டத்துல நாம பட்டது போதாதா?" என்றார். பிறகு, "என் புது மண்வெட்டி இருக்கு. எடுத்துட்டுப் போ. நல்ல கூரு" என்றார்.

மண்வெட்டிக்குக் குறைச்சலா அவளுக்கு? அவளுக்கு ஆத்திரம் வந்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். இந்த மனிதர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவரால் ஒரு பயனும் இல்லை என்பதை மட்டும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கூட்டமே வேண்டாம் என்று முடிவு செய்யப் போகிறார்கள் என்றதும் அப்படி ஒரு சுறுசுறுப்பு! செல்லப்பன் சுருக்கமாகப் பேசினார். காளியப்பன் அதைவிடச் சுருக்கமாகப் பேசினார். "இத நாமளா கேட்டு வாங்கிக்கிட்டா, பெறகு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆள் வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். புஷ்பவள்ளி இந்த முறை குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பட்டென்று தூக்கினாள். வேண்டாம் என்பவர்களும் தூக்கினார்கள். எண்ணினார்கள், சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

"கிருஷ்ணம்மாக்கா இன்னும் தூக்கல" என்றாள் புஷ்பவள்ளி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணம்மா கம்பை மடியில் கிடத்திக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். காளியப்பனும் பார்த்தார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. கிருஷ்ணம்மா எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தால்தானே? அந்த நம்பிக்கை அவளைச் சுட்டது. அன்றைக்கு மண்மேட்டின் கீழே நின்று அழுதவள் இவள் என்று அவருக்குத் தெரியும். இவளுடைய இடுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

தூக்காவிட்டால் கொல்லை போகும். கொல்லை போனால் நிரை போகும், நிரையோடு கையும் போகும். தூக்கினால் கொல்லை பிழைக்கும். கை? இனிக் கூட்டமே இல்லையென்றால் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எப்படிப் பார்த்தாலும் கை மிஞ்சவில்லை. சோறாவது மிஞ்சட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அவ்வளவுகூட அவள் யோசிக்கவில்லை. தூக்கம் தூக்கமாக வந்தது. யாராவது ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டு, நீ போய்ப் படு என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

அவள் கையைத் தூக்கினாள். செல்லப்பன் பக்கம் என்று சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, அவரைப் பார்த்தே தூக்கியிருந்தாள். கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் செல்லப்பன் ஒரு தகரத்தைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற வரிசைக்கு, இப்படித்தான் தட்டுவார்கள். கொட்டகை முன்னால் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று தாமாகவே நின்றார்கள். செல்லப்பன் பேர் கூப்பிட்டார். காளியப்பன் முதலிலேயே வந்து நின்றிருந்தார். தோற்றாலும் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிற மனிதர். பேர் வந்தபோது, "இருக்கேன்" என்று எல்லோரையும்போலவே சொன்னார்.

எல்லோரும் வாய்க்குப் போனார்கள். ஆண்கள் இறங்கி வெட்ட, பெண்கள் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றினார்கள். பேச்சும் கேலியுமாக வேலை ஓடியது. கிருஷ்ணம்மா வருஷக்கணக்கில் மாரடித்த இடம் உச்சிவெயில் வருவதற்குள் பளிச்சென்று திறந்துவிட்டது. கொல்லையில் நின்ற தண்ணீர் ஓசையோடு ஆற்றுக்குள் இறங்கியது. மரவள்ளித் தண்டுகள் அடிவரை தெரிந்தன. ஒன்றிரண்டு மூடுகளை இழுத்துப் பார்த்தாள். கிழங்கு கெட்டியாகவே இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியிடம் கேட்டாள்: "நான் கேட்டப்ப வரலியே புள்ள?"

புஷ்பவள்ளிக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. "நீங்க கேட்டீங்கக்கா. கேட்டா, போலாமா வேணாமான்னு யோசிக்கணும். யோசிச்சா பழசெல்லாம் நெனப்புக்கு வருது. அவரு சொன்னாரு, வந்துட்டேன்" என்றாள்.

செல்லப்பன் கரைமேல் நின்று கைதட்டினார். "சாப்பிட்டுட்டு எல்லாரும் மேட்டுக்கு வந்துடுங்க. என் கொல்லையில புதுசா ரெண்டு பாத்தி வெட்டணும்."

சேற்றோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேட்டுக் கொல்லை செல்லப்பனுடைய சொந்த நிரை. அங்கே யாருடைய தண்ணீரும் ஓடவில்லை. காளியப்பன்தான் மெதுவாகக் கேட்டார்.

"இதுக்கு யாரு கை தூக்கினது?"

புஷ்பவள்ளி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். மற்றவர்கள் கால் சேற்றைக் கழுவுவதில் மும்முரமானார்கள்.

"நான்தாண்ணே" என்றாள் கிருஷ்ணம்மா.

குனிந்து கூடையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி, மேட்டுக்குப் போகிற வழியில் முதல் ஆளாக நடந்தாள்.